நடுவுல நின்னவரு

அந்தச் சேர்ல வேண்டாம் கண்ணு, அதுக்கு ஒரு காலு ஆடும். இப்புடி ஃபேனுக்குக் கீழ வந்து உக்காருங்க. ஆமாங்க, அறிவுச்செல்வி நான்தான். சென்றாயன் சாரப் பத்தித்தானுங்க கேக்க வந்திருக்கீங்க? அதான் போன்லயே சொன்னீங்களே, அவரு உங்க கம்பெனிக்கு மேனேஜரா வாராரு, மின்ன அவருகூட வேல பாத்தவங்ககிட்ட ஒரு வார்த்த விசாரிக்கோணும்னு. கேளுங்க, கேளுங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழம, எனக்கும் சோலி ஒண்ணும் இல்ல.

சங்ககிரில இருந்து ஸ்கூட்டிலயேவா வந்தீங்க? இந்த வெயில்லயா? மொதல்ல இந்த மோரக் குடிங்க. பேரு என்னன்னீங்க? நிலா. செரி செரி.

எழுதிக்கங்க. ஆளு நல்ல சூட்டிக. யாரையும் மரியாத இல்லாம ஒரு சொல்லு பேச மாட்டாப்ல. எல்லாத்தோடயும் ஒத்துப் போவாரான்னா உங்க ஃபாரத்துல கேட்டிருக்காங்க? ஒத்துப் போறதென்னங்க, ஒத்துப் போகாதவங்கள ஒத்துப் போக வெக்கறதுல அவர மிஞ்ச ஆளில்ல. இது சும்மா ஒப்புக்குச் சொல்றதில்லீங்க, நெசம். அவரு வர்றதுக்கு மின்ன எங்க கம்பெனி கெடந்த கெடையச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

பெட்சீட்டு, தலகாணி உறைங்க. பூராவும் வெளிநாட்டுக்கு. தறிக்கு ஒரு ஷெட்டு, சாயத்துக்கு ஒரு ஷெட்டு, தையலுக்கு ஒரு ஷெட்டு. கடேசில நாங்க, செக்கிங்கு. டியூப் லைட்டுக்கு அடில நீளமா மேச போட்டு, பன்னெண்டு பொம்பளைங்க நின்னுக்கிட்டே ஒவ்வொரு பீஸா விரிச்சுப் பாப்போம். நான்தான் அங்க இன்சார்ஜு. நான் சீல் குத்துனாத்தான் துணி பேக்கிங்குக்குப் போகும். பத்தொம்பது வருசம் குத்துனேன்.

ஆனா சண்டைன்னா சண்ட, அப்புடி ஒரு சண்டைங்க. நாங்க துணியத் திருப்புவோம். தையல்ல கேட்டா, ரெண்டு கலரா துணி குடுத்தா நாங்க என்ன பண்றதும்பாங்க. சாயத்துல கேட்டா, தறில எண்ணெ பட்டிருக்குது, அதுல எப்புடி சாயம் புடிக்கும்பாங்க. தறில இருந்தது வீரபாகு அண்ணன், அவரு நூலே மோசம்னு நூலு வாங்குனவனத் திட்டுவாரு. ஆளாளுக்கு மெமோ எழுதி மொதலாளி ரூமுக்கு அனுப்பறதுதான் வேல. துணி அப்புடியே கெடக்கும்.

அதுலயும் எனக்கும் சாயத்து ரஹமத்துல்லா பாய்க்கும் ஆகவே ஆகாது. என்னய வுட ஏழெட்டு வயசு மூத்தவரு. ஒருக்கா நான் மூணு டிராலி நீலத் துணியத் திருப்பி அனுப்பிச்சுட்டேன். ரப்பர் பூட்ஸு போட்டுக்கிட்டு, அவரே அந்த டிராலியத் தள்ளிக்கிட்டு எம் மேசைக்கு வந்துட்டாரு. பூட்ஸுல இருந்து நீலத் தண்ணி எங்க தரைல ஒழுகுது. ஏம்மா, உங் கண்ணுல கோளாறான்னாரு. எங் கண்ணு நல்லாத்தான் இருக்குது பாய், உங்க தொட்டிலதான் கோளாறுன்னேன். எங்க புள்ளைங்க எல்லாம் சிரிச்சுப்போட்டாளுங்க. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்கும் அவருக்கும் பேச்சே இல்ல.

அந்த சமயத்துலதான் சென்றாயன் சாரு வந்தாப்ல. பிளானிங்குக்கு. எந்தத் துணி எந்த ஷெட்டுக்கு எப்பப் போகோணும், கண்டெய்னரு என்னிக்குக் கெளம்போணும்னு பாக்கற வேல. மொத ஒரு மாசம் வாயே தொறக்கல. டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு ஒரு நாளைக்குத் தறில, ஒரு நாளைக்குச் சாயத்துல, ஒரு நாளைக்கு எங்ககூடன்னு உக்காந்து சாப்புட்டாப்ல. என்னய அக்கான்னாப்ல. பாயப் பாய்ன்னாப்ல. அப்புறந்தான் மொதலாளிகிட்டப் பேசி ஒரு ஏற்பாடு பண்ணாப்ல.

காலைல எட்டர மணிக்கு, சைக்கிள் ஸ்டேண்டுக்குப் பக்கத்துல, ஷெட்டுக்கு ஒரு ஆளு வந்து நிக்கோணும். பத்தே நிமிசம். நேத்து நாம பண்ண தப்ப நாமளே சொல்லோணும். அடுத்தவங்க பேர எடுக்கக் கூடாது. ஒருத்தர் சொல்லும்போது இன்னொருத்தர் குறுக்க பேசக் கூடாது. அவரு ஒரு நீள நோட்டுல எழுதிக்குவாப்ல, சொன்னவங்க கீழ கையெழுத்துப் போடோணும். மொத நாளு மொதலாளியே வந்து நின்னாரு. இங்க சொல்ற தப்புக்கு யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன், எங்கப்பா மேல சத்தியம்னாரு.

யாரு பேசுவா சொல்லுங்க? மூணு நாளு கொக்காட்டம் நின்னுட்டுக் கலஞ்சு போனோம். நாலாவது நாளு எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. மின்னத்த நாளு எம் பொண்ணுக்குக் காச்சலு, எம் மனசு பூரா ஊட்டுல இருந்துச்சு. நாப்பது உறைய விரிச்சே பாக்காம சீல் குத்திப்போட்டேன். அதச் சொன்னேன். யாரும் சிரிக்கல. சென்றாயன் சாரு எழுதிக்கிட்டு, ரொம்ப நன்றிங்கக்கான்னாப்ல. அவ்வளவுதான்.

அடுத்தது யாரு பேசுனாங்கன்னு நெனைக்கறீங்க? பாய். நேத்துப் பாதில சாய டப்பா தீந்து போச்சு, வேற டப்பாவ ஒடச்சு ஊத்துனேன், கலரு மாறுனது என்னாலதான், செக்கிங்குல திருப்புனது நாயந்தான்னாரு. ஏழு வருசமா அந்த மனுசன்கிட்ட நான் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் சண்ட புடிச்சிருக்கேன்.

அதுக்கப்புறம் பாருங்க, எல்லாமே மாறிப்போச்சு. பாய் என்ன பண்ணாருன்னா, ஒவ்வொரு தொட்டித் துணில இருந்தும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி டிராலிலயே குத்தி வுட்டாரு. தையல்காரங்க துண்டப் பாத்து, சீட்டுக்கும் உறைக்கும் ஒரே தொட்டித் துணியா எடுத்துத் தெச்சாங்க. எங்க புள்ளைங்கள ரெண்டு ரெண்டு பேரா சாயத்துக்கு அனுப்பிச்சேன், அந்த ஆவில ஒரு நாளு நின்னு பாருங்கடி, அப்பத் தெரியும்னு. பாயோட ஆளுங்க எங்க மேசைல வந்து நின்னாங்க. திரும்பற துணி பாதிக்குப் பாதி கொறஞ்சு போச்சு. நோம்பு மாசத்துல பாயோட சம்சாரம் மஸ்தான் பீவி தூக்குல கஞ்சி குடுத்தனுப்பும். எங்க மாரியம்மன் நோம்பிக்கு நான் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டுக் குடுத்தனுப்புவேன். மூணு வருசம் ஒரு மெமோ கெடையாதுங்க. அதெல்லாம் சென்றாயன் சாரு பண்ணதுதான். தாராளமா எழுதிக்கங்க.

என்னங்க? பகல்ல ஒரு தகவல்னா எப்புடிப் போகும்னா? அதுக்கும் ஒரு ஏற்பாடுங்க. அதயும் அவருதான் கொண்டாந்தாப்ல. ஷெட்டுக்கு ஷெட்டு போன் அடிச்சு அடிச்சு வேல கெடுதுன்னு, காலைல பேசறத நேர்ல பேசிக்குவோம், அதுக்கப்புறம் என்ன தகவலா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லுங்க, நான் சேர வேண்டிய எடத்துல சேத்தறேன்னாப்ல. எங்களுக்கும் அது சௌகரியமாத்தான் இருந்துச்சு. எதுன்னாலும் அவரு வருவாப்ல, பதவிசா சொல்லுவாப்ல, போவாப்ல.

நான் ஏன் அங்க இருந்து நின்னேன்னா? அத உங்ககிட்டச் சொல்லீட்டாங்களா, தப்புப் பண்ணி அனுப்பிச்சுட்டாங்கன்னு? மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. தப்பு என்னுதுதான்.

மெரூன் கலரு பெட்சீட்டு, ஓரத்துல வெள்ளப் பட்ட வெச்சுத் தெச்சது. பெரிய ஆர்டரு. அந்த மாதிரி அழுத்தமான கலரா இருந்தா, சாயத்து ஆளுங்க ஒரு பீஸ ஈரோட்டுல லேப்புக்கு அனுப்பித் தொவச்சுப் பாப்பாங்க, சாயம் போகுதா இல்லையான்னு. ரிப்போர்ட்டு வந்தாத்தான் நான் சீல் குத்தோணும். அன்னிக்கு ரிப்போர்ட்டு வரல. கேட்டுல கண்டெய்னரு நிக்குது. நான் ரிப்போர்ட்டு இல்லாமயே சீல் குத்திப்போட்டேன்.

ஏன் குத்துனேன்னா... சென்றாயன் சாரு வந்து கேட்டாப்ல. அதச் சொல்றதுல என்ன இருக்குது. சாயங்காலம் நாலு மணி இருக்கும். அக்கா, பொழுதோட வண்டி கெளம்பலீன்னா மொதலாளிகிட்ட நான் சொன்ன தேதி போயிரும், ரிப்போர்ட்டு நாளைக்குத்தான் வருமாம், பாய் போட்ட சாயம் என்னிக்குக்கா போயிருக்குது, குத்திக் குடுங்க, காலைல சைக்கிள் ஸ்டேண்டுல நானே சொல்லிக்கறேன் இது எந் தப்புன்னு அப்புடின்னாப்ல. மூணு வருசமா எங்கள ஒண்ணாக் கோத்து வெச்ச ஆளு. மொத தடவையா எங்கிட்ட ஒண்ணு கேக்கறாப்ல. இல்லீங்கன்னு எப்புடிங்க சொல்றது? குத்திக் குடுத்தேன். அவசரத்துக்கு மின்னாடியே கட்டி வெச்சிருந்தாங்க, ஐநூத்திச் சொச்சம் பொட்டி. எங் கை வலிக்கற வரைக்கும் குத்துனேன்.

அடுத்த நாளு காலைல அவரு வரல. மொதலாளிகூட மெட்ராசு போயிட்டாப்லன்னாங்க. நோட்டு மட்டும் அவரு அசிஸ்டெண்டு கையில இருந்துச்சு. எனக்கோ ராத்திரி பூரா மனசு கேக்கல. அவரு வந்து சொல்லுவாரு, ஆனா எம் பங்க நான் சொல்லிரோணுமில்ல? சொன்னேன். நேத்து ரிப்போர்ட்டு வராமயே மெரூன் துணிக்கு சீல் குத்திப்போட்டேன், எந் தப்புன்னேன். அவரு பேர எடுக்கல. அடுத்தவங்க பேர எடுக்கக் கூடாதுங்கறதுதான வழக்கம். கையெழுத்தும் போட்டேன்.

நான் சொல்லி முடிக்கறேன், பாய் என்னய ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. திரும்பி அவரு பாட்டுக்குச் சாயத்துக்குப் போயிட்டாரு. அவரு சாயத்த நம்பாத மாதிரி நான் பேசிப்போட்டேன்னு அவருக்குக் கோவம்னு நெனச்சுக்கிட்டேன்.

மூணு மாசங்கழிச்சு வெளிநாட்டுல வாங்குனவங்க தொவச்சிருக்காங்க. மெரூன் எறங்கி வெள்ளப் பட்ட பூராவும் செகப்பு. போட்டோ வந்துச்சு. ஆர்டரே நின்னு போச்சு. மொதலாளி விசாரண வெச்சாரு. ஒவ்வொருத்தரா உள்ள கூப்புட்டாரு. எம் மொற வந்தப்ப மேச மேல அந்த நீள நோட்டு தொறந்து கெடந்துச்சு. இது உங்க கையெழுத்தாம்மான்னாரு. ஆமாங்கன்னேன். அன்னிக்கு எங்கப்பா மேல சத்தியம்னு சொன்ன மனுசன், அந்தச் சத்தியத்தப் பத்தி ஒரு வார்த்த பேசல. பக்கத்துச் சேர்ல சென்றாயன் சாரு உக்காந்து, நான் சொல்றத எழுதிக்கிட்டிருந்தாப்ல. நிமுந்து பாக்கல. இப்பச் சொல்லும், இப்பச் சொல்லும், இந்தத் தம்பி வாயத் தொறக்கும்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். நானாச் சொல்லியிருக்கலாமுங்க. சொல்லல. ரெண்டு பேருக்கும் வேல போறதுக்கு ஒருத்தருக்குப் போகட்டும்னு தோணுச்சு. அவருக்குச் சின்னப் புள்ளைங்க.

எனக்கு முன்னால உள்ள போயிட்டு வந்தது பாய். வெளிய வந்தவரு, பெஞ்சுல நான் உக்காந்திருக்கறேன், எம் மொகத்தக்கூடப் பாக்காம செருப்ப மாட்டிக்கிட்டுப் போனாரு.

லெட்டரு குடுத்தாங்க. எம் பொண்ணு படிச்சுச் சொன்னா, தெரிஞ்சே செஞ்ச தப்புன்னு போட்டிருக்குதும்மான்னு. தெரிஞ்சேதான, ரிப்போர்ட்டு வரலீன்னு தெரிஞ்சேதான குத்துனேன்னு நெனச்சுக்கிட்டேன். மேசைல எங்கூட நின்ன பெருமாயி மட்டும் கேட்டு வரைக்கும் வந்து அழுதா. சாயத்துல இருந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. வேல போனதவுட அந்த வெசனந்தானுங்க எனக்குப் பெருசா இருந்துச்சு. உள்ள போயி பாய் என்னமோ சொல்லித்தான் எங் கதைய முடிச்சுட்டாருன்னு நெனச்சேன். நம்ம கையால கச்சாயம் வாங்கித் தின்ன மனுசன், கஞ்சி குடுத்தனுப்புன ஊடு, இப்புடிப் பண்ணிப்போட்டாங்களேன்னு. ஒண்ணர வருசம் அந்த மனுசன நெனச்சு நெனச்சு வெந்து போனேன். ஆத்துப் பாலத்துல எதுத்தாப்ல ரப்பர் பூட்ஸு மாட்டுன ஒருத்தரு வந்தாக்கூட அடுத்த ஓரத்துக்கு மாறிப் போயிருவேன்.

சென்றாயன் சாரா? அவரு வந்தாப்லீங்க. இதே ஊட்டுக்கு. ஒரு வாரங்கழிச்சு, ஆப்பிளு, சாத்துக்குடியெல்லாம் வாங்கிக்கிட்டு. அங்க, அந்த பீரோவுக்குப் பக்கத்துல கீழ உக்காந்துட்டாப்ல. என்னய மன்னிச்சுருங்கக்கா, அன்னிக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, மொதலாளி மொகத்தப் பாத்ததும் நாக்கு எழும்பல, அந்தத் துணி சாயம் போகும்னு சத்தியமா எனக்குத் தெரியாதுக்கான்னு குலுங்கிக் குலுங்கி அழுதாப்ல. எனக்கு மனசு தாங்கல. எந்திரிங்க தம்பி, உங்களுக்கென்ன சோசியமா தெரியும், வுடுங்கன்னு நான்தான் தேத்துனேன். சோறு போட்டேன். சாப்புட்டுத்தான் போனாப்ல. அப்புறம் இப்ப நான் போயிட்டிருக்கற கொமாரபாளையத்துக் கம்பெனிக்குச் சொல்லி வுட்டதும் அவருதான். நைட்டி தெக்கற எடம். சின்ன எடந்தான், நூல் பிசிறு வெட்டற வேல. பரவால்லீங்க.

பொங்கலுக்குப் பொங்கலு போன் பண்ணுவாப்ல. அந்த வருசமே அவர ஜி.எம். ஆக்கிட்டாங்க.

இன்னும் ஒரு கேள்விதான் பாக்கியா? செரி, படிங்க. மறுபடி இவருகூட வேல பாப்பீங்களா. ம். ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு டிக் அடிக்கோணுமா.

சித்த இருங்க கண்ணு. அந்தப் பேனாவக் கீழ வையுங்க.

போன தை மாசம் எந் தங்கச்சி மகளுக்குக் கலியாணம். துணி எடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போயிருந்தோம். மொத்தமா எடுத்தா அங்கதான் நல்லா இருக்கும்னாங்க. ஒரு கடைல ஏறுனா, உள்ள திண்டுல சாஞ்சுக்கிட்டு பாய். அது அவரு மருமகன் ஷஹ்பாஸு கட. பாய் வேலைய வுட்டுட்டு அங்க வந்து உக்காந்துக்கிட்டாராம். என்னயப் பாத்ததும் மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. எனக்கும் வந்துச்சு பாருங்க ஒரு கோவம். வாடி, வேற கடைக்குப் போலாம்னு தங்கச்சி கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் படி எறங்கறேன். பின்னாடி இருந்து பாய் சத்தம் போட்டாரு. ஏம்மா அறிவு, ஒரே ஒரு விசயம் கேக்கோணும், கேட்டுப்போட்டுச் செத்துப் போறேன், துணி ஃபெயிலுன்னு நான் ரிப்போர்ட்டு குடுத்தனுப்பியும் எதுக்கும்மா சீல் குத்துனே, குத்துனது போகட்டும், ரிப்போர்ட்டே வரலீன்னு எல்லார் முன்னாடியும் எதுக்குப் பொய் சொன்னேன்னாரு.

எந்த ரிப்போர்ட்டு பாய்ன்னேன்.

அவரு என்னயப் பாக்கறாரு, நான் அவரப் பாக்கறேன். ரோட்டுல ஆட்டோக்காரன் ஹாரனு அடிச்சுக்கிட்டே இருக்கறான். ஷஹ்பாஸு தம்பி மடிச்ச துணியக் கையில வெச்சுக்கிட்டு நிக்குது.

லேப்புல இருந்து அன்னிக்குக் காலைலயே பாய்க்கு ரிப்போர்ட்டு வந்திருச்சுங்க. பதினோரு மணிக்கு அவரே எடுத்துட்டுப் போயி சென்றாயன் சாரு கையில குடுத்திருக்காரு. செக்கிங்குல சொல்லி நிறுத்திருங்க, நான் வேற துணிக்குப் புதுசாச் சாயம் போட்டுத் தர்றேன்னு. செரிங்க பாய், அக்காகிட்டச் சொல்லிட்டேன், நிறுத்தியாச்சுன்னு மத்தியானம் போய்ச் சொல்லியிருக்காப்ல. அந்த ரிப்போர்ட்ட மடிச்சுச் சட்டப் பையில வெச்சுக்கிட்டுத்தான் நாலு மணிக்கு எம் மேசைக்கு வந்திருக்காப்ல. அடுத்த நாளு சைக்கிள் ஸ்டேண்டுல பாய் மறுத்துச் சொல்லாம போனதும், அடுத்தவங்க பேர எடுக்கக் கூடாதுங்கற அதே வழக்கத்தாலதான். விசாரணைல பாய் உள்ளதச் சொல்லியிருக்காரு, ரிப்போர்ட்டு குடுத்தேன்னு. நான் அக்காகிட்டச் சொன்னனே, அவங்கதான் கேக்கலீன்னு சென்றாயன் சாரு சொல்லியிருக்காப்ல. அதான் லெட்டர்ல தெரிஞ்சேன்னு போட்டிருக்காங்க.

நாங்க சண்ட போட்டுக்கிட்டிருந்த காலமா இருந்தா, பாய் அந்த ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு பூட்ஸோட எம் மேசைக்கு வந்து மூஞ்சி மேல வீசியிருப்பாருங்க. எனக்குத் தெரிஞ்சிருக்கும். நாங்க நல்லா ஒத்துப் போனதுனாலதான் அது எங்கிட்ட வந்து சேரல.

பாய் அந்தத் திண்டுலயே தலையக் கவுத்துக்கிட்டு உக்காந்துட்டாரு. ஒண்ணர வருசம் உன்னயப் பொய்க்காரின்னு ஏசிட்டேனேம்மா, எம் பொண்டாட்டி உன்னயப் பாக்கப் போறேன்னு சொன்னப்பக்கூட வேண்டாம்னு தடுத்துப்போட்டேனேன்னு கண்ணத் தொடைக்கறாரு. நானும் உங்களத்தான் ஏசிக்கிட்டிருந்தேன் பாய்ன்னேன்.

நான் மேல சொன்ன நல்லதெல்லாம் நெசந்தானுங்க, அத அடிக்க வேண்டாம். அதுக்குக் கீழ இதயும் எழுதிக்கங்க. உங்க கம்பெனில என்ன வேல குடுக்கறீங்கன்னு சொன்னீங்க? தறிக்கும் சாயத்துக்கும் நடுவுல நின்னு பாத்துக்கறதா? ம்.

நேத்துக்கூடப் போன் பண்ணாப்ல. அக்கா, உங்க பேரத்தான் குடுத்திருக்கேன், உங்களவுட என்னயப் பத்தி நல்லது சொல்ல யாரு இருக்காங்கன்னாப்ல. செரிங்க தம்பி, வரச் சொல்லுங்கன்னேன். நான் பாயப் பாத்தது அவருக்கு இன்னும் தெரியாதுங்க.